கல்லடிக் கடற்கரையிலிருந்து சிங்கலிலா முகட்டுக்கு: முதல் தடவை ஓடப் போகிறவர்களுக்கு

முதல் தடவை போனபோது, சிங்கலிலா முகட்டில் இருக்கும் சந்தக்பூவில் நான் நூறு மீற்றர்கூட ஓடவில்லை. காலையில் டார்ஜிலிங்கில் தேநீர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன், பின்னேரம் 3,636 மீற்றர் உயரத்தில் இறங்கினேன், இரவு முழுக்கச் சத்தி எடுத்தேன். விடிந்ததும் எல்லோரும் எவரெஸ்டைப் பார்க்க வெளியே ஓட, நான் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதே ஜீப்பில் கீழே இறக்கினார்கள். அப்படியே மட்டக்களப்புக்குக் கிறுகி வந்தேன். செலவு இரண்டு இலட்சத்துக்கு மேல்.

அடுத்த வருடம் மச்சானையும் கூட்டிக்கொண்டு போய் ஓடி முடித்தோம். இடைப்பட்ட ஒரு வருடத்தில் என் உடம்பு ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை. இரண்டாம் தடவை ஐந்து நாட்கள் கூடுதலாக வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். வெபர் மைதானத்திலும் கல்லடி மணலிலும் ஓடுகிற தம்பிமார் சிலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் பட்ட பாட்டை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

இடம் எது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்துக்கும் நேபாளத்துக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கும் மலைமுகடுதான் சிங்கலிலா. அதில் சந்தக்பூவிலிருந்து ஃபலுட் வரை 21 கிலோமீற்றர், ஓர் அரை மரதன் தூரம். ஃபலுட்டும் 3,600 மீற்றர். வடக்கே பார்த்து ஓடினால் இடப்பக்கம் நேபாளம், வலப்பக்கம் இந்தியா, நேரே முன்னால் காஞ்சன்ஜங்கா. வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட், லோட்சே, மகாலு மூன்றும் இடப்பக்கத்தில் நிற்கும். கயிறு கட்டி ஏறும் வேலை ஒன்றும் இல்லை. பாதை இருக்கிறது, ஓடலாம். மூச்சுத்தான் இருக்காது.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

விமானச் சீட்டைத் தேடுவதற்கு முன் கலண்டரை எடுத்து வையுங்கள். மட்டக்களப்பில் வெளிக்கிட்டுத் திரும்பி வர இரண்டு கிழமைக்கு மேல் வேண்டும். 12 நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவராக இருக்கும். நாம் படுத்தெழும்புவது கடல் மட்டத்தில்.

இந்தக் கணக்கை ஒருமுறை பாருங்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதாலகாலை 2,524 மீற்றர். சிங்கலிலாவில் முதல் இரவு தங்கும் தும்லிங் 2,970 மீற்றர். நீங்கள் படுக்கப் போகும் கட்டிலே இலங்கையின் உச்சியை விட நானூறு மீற்றருக்கு மேல் உயரம்! ஓடும் முகட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே ஒருவர் எவ்வளவு வேகமாக ஓடுபவர் என்பதை உடம்பு கேட்காது. எத்தனை நாள் தந்தாய் என்றுதான் கேட்கும்.

மலையில் கூட்டிய ஐந்து நாளுக்கு எனக்கு மேலதிகமாக ஆனது, தங்கலும் சாப்பாடும் வழிகாட்டிக் கூலியும் சேர்த்து, நாற்பதாயிரம் ரூபா அளவில். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் முதல் பயணத்தின் இரண்டு இலட்சத்தைக் கொட்டினேன்.

2. மாதத்தைத் தெரிவு செய்தல்

சிங்கலிலா தேசியப் பூங்கா மழைக்காலத்தில் மூடப்பட்டிருக்கும்: ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. ஆகவே பாடசாலையின் ஓகஸ்ட் விடுமுறை உதவாது. ஏப்ரல், மே மாதங்களில் காடு முழுக்கப் பூத்திருக்கும், ஆனால் பின்னேரங்களில் முகில் மூடிவிடும். ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசெம்பர் முதல் வாரம் வரை வானம் தெளிவு, பாதை காய்ந்திருக்கும். ஓடுவதற்கு அதுதான் காலம். டிசெம்பர் பாதிக்குப் பிறகு இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். பனி விழுந்தால் பாதை கண்ணாடி போல வழுக்கும்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே வானம் வெளிக்கும் நவம்பரில்தான் இங்கே மாரி கொட்டும். வெள்ளம் வந்தால் ரயிலும் நிற்கும், கொழும்பு வீதியும் நிற்கும். விமானத்துக்கு முந்தைய இரவு ரயிலை நம்பாதீர்கள். இரண்டு நாள் முன்பே கொழும்புக்குப் போய் யாராவது சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிடுங்கள். நாங்கள் போன கிழமையில் வாழைச்சேனைப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் சீட்டுக் காசு போயிருக்கும்.

3. கடவுச்சீட்டும் விடுமுறையும்

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2024 பெப்ரவரியில் கட்டணத்தைக் கூட்டினார்கள்: சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா. விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை, எத்தனை நாள் என்பதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதுவும் வேண்டும். படம் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே இணையத்தில் அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

அரச வேலையில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியே போக விடுமுறை அனுமதி தனியாக எடுக்க வேண்டும். பாடசாலை விடுமுறைக் காலம்தானே, யார் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் ஆசிரியர். அதிபர், வலயம், மாகாணம் என்று கடிதம் படியேறி இறங்க ஒரு மாதத்துக்கு மேலானது. அதுவும் ஒரு தடவை யாரோ ஒருவரின் மேசையில் கோப்புக்கு அடியில் கிடந்ததை நானே போய்க் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு. இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

4. இந்திய இணைய விசா

இலங்கையர்களுக்குச் சுற்றுலா இணைய விசா கிடைக்கும். வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அதிகம் பேர் ஏமாறும் இடமும் இதுதான். தேடுபொறியில் இந்திய விசா என்று அடித்தால் முதலில் வருபவை பெரும்பாலும் தரகர் தளங்கள். அசோகச் சக்கரம், மூவர்ணக் கொடி எல்லாம் போட்டு அரசாங்கத் தளம் போலவே இருக்கும். முதல் தடவை நானும் அப்படி ஒன்றில் காசு கட்டினேன். உண்மையான கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. முகவரி ‘கவ் டொட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு மட்டும் அட்டையை எடுங்கள்.

படிவம் நீளம். இடையில் நின்றுபோனால் தொடர்வதற்கு ஒரு தற்காலிக இலக்கம் தருவார்கள், அதை எழுதி வையுங்கள். முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை:

வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம். கடவுச்சீட்டின் விவரப் பக்கம், பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள். இது கொஞ்சம் பெரிதானாலும் ஏற்காது, காரணமும் ஒழுங்காகச் சொல்லாது. அப்பா, அம்மா பிறந்த ஊர்கள். கடந்த பத்து வருடத்தில் போன நாடுகள். இந்தியாவில் ஓர் ஆளின் அல்லது ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி. அதே போல இலங்கையில் ஒருவருடையது. இந்தியாவில் யாரையும் தெரியாதே என்று பதற வேண்டாம், டார்ஜிலிங்கில் நீங்கள் பதிந்த ஹோட்டலைப் போட்டால் போதும்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நம் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் ஓரிடத்திலும் நம் பெயர் ஓரிடத்திலும் இருக்கும். வீட்டில், வேலையில் எழுதும் முதலெழுத்தெல்லாம் செல்லாது. கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதை அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் போடுங்கள். மச்சான் தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டான். கட்டிய காசு திரும்ப வராது, புதிதாகக் கட்டித்தான் எடுத்தான்.

நான்கு நாளுக்கு முன் விண்ணப்பித்தால் போதும் என்று தளம் சொல்லும். நீங்கள் மூன்று கிழமை முன்பே போடுங்கள். வந்ததும் ஐந்து பிரதி அச்சடித்து வையுங்கள், மலைச் சாவடிகளில் கேட்பார்கள்.

5. சீட்டு, பொதி, காப்புறுதி, காசு

நாங்கள் போனது கொழும்பு, சென்னை, பாக்டோக்ரா. பாக்டோக்ரா சிலிகுரிக்குப் பக்கத்தில் இருக்கும் விமான நிலையம். இரண்டு விமானத்தையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் மலிவு, ஆனால் சென்னையில் குடிவரவு முடித்து, பொதியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். நடுவில் ஐந்து மணித்தியாலமாவது வையுங்கள். இன்னொன்று, கொழும்பிலிருந்து 20 அல்லது 30 கிலோ கொண்டு போகலாம், இந்தியாவுக்குள் பறக்கும்போது பெரும்பாலும் 15 கிலோதான். சென்னையில் என் குளிர்ச்சட்டை இரண்டையும் உடம்பில் போட்டுக்கொண்டு வியர்த்து வடிய நின்றது இதனால்தான். டிசெம்பரில் பாக்டோக்ராவில் மூடுபனியால் விமானம் பிந்துவது வழக்கம், திரும்பும்போதும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

பயணக் காப்புறுதி எடுப்பவர்கள் சின்ன எழுத்தை வாசியுங்கள். மலையில் நடப்பதற்கு உயர எல்லை ஒன்று வைத்திருப்பார்கள். 3,000 மீற்றருக்கு மேல் செல்லாது என்று இருந்தால் அந்தத் தாளால் பிரயோசனம் இல்லை. 4,000 மீற்றர் வரை, அவசரத்தில் கீழே கொண்டுவரும் செலவும் சேர்த்து, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொத்தச் செலவு எனக்கு இரண்டாம் தடவை இரண்டரை இலட்சம் ரூபா அளவில். அதில் பாதி விமானம். மலையில் தங்கலும் மூன்று வேளைச் சாப்பாடும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 1,800 இந்திய ரூபா வரை கொடுத்தோம். வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு 1,500, இரண்டு பேரும் பங்கிட்டோம்.

அங்கே சின்னத் தேநீர்க் கடையிலும் போனைக் காட்டிக் காசு கட்டுகிறார்கள். அது நம் போனில் வேலை செய்யாது. மேலே ஏடிஎம் இல்லை. டொலரைச் சிலிகுரியிலோ டார்ஜிலிங்கிலோ மாற்றி, மலைச் செலவு முழுவதற்கும் தாள்களாக, சில்லறையும் கலந்து கொண்டு போங்கள்.

6. தட்டை நிலத்தில் மலைக்குப் பழகுதல்

“மனே, மலையில ஓடுறதுக்கு ஆராச்சும் காசு தருவாங்களா?” என்று அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் கல்லடிப் பாலத்தின் முதுகுதான். அதை ஒரு காலையில் இருபது தடவை ஏறி இறங்கினால், பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்பதைத் தவிரப் பெரிய பலன் இல்லை.

நான் நான்கு மாதம் செய்தது இது. கிழமையில் இரண்டு நாள் கடற்கரையில் ஈரமில்லாத மணலில் ஒரு மணித்தியாலம். கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒரு நாள் மாடிப்படி, நான்கு மாடி, முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பை. இறங்கும்போதும் பையோடுதான் இறங்க வேண்டும், ஏனென்றால் சிங்கலிலாவில் தொடையை உடைப்பது ஏற்றமல்ல, இறக்கம். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம்.

மாதத்துக்கு ஒரு தடவை செங்கலடியில் பதுளை பஸ் ஏறினோம். மகா ஓயா, பிபிலை தாண்டி லுணுகலையிலிருந்து வீதி சுழன்று சுழன்று ஏறும். பசறையில் இறங்கினால் நமுனுகுல மலை பக்கத்தில், 2,036 மீற்றர். தோட்டப் பாதைகளில் ஓடினோம். அங்குள்ளவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேட்டுவிட்டு ஓடினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தேநீரும் தருவார்கள். மழைநாளில் அட்டை ஏறும், காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள். குடும்பிமலையும் நல்ல ஏற்றம்தான், ஆனால் அந்தப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதால் தனியே போக வேண்டாம்.

இவ்வளவும் காலுக்கு. நுரையீரலை மட்டக்களப்பில் இருந்துகொண்டு உயரத்துக்குப் பழக்க முடியாது. மூச்சைப் பிடிக்கும் பயிற்சி, முகமூடி போட்டு ஓடுதல் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

குளிர்ச்சட்டைக்குக் கொழும்புக் கடைகளில் காசைக் கரைக்காமல், நுவரெலியாக் கடைத்தெருவில் வாங்குங்கள், பாதி விலை. சப்பாத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அடியில் ஆழமான பற்கள் உள்ள மலைச்சப்பாத்து, வழக்கமான அளவை விட அரை இலக்கம் பெரிது, இங்கேயே 150 கிலோமீற்றராவது ஓடிப் பழகியது.

7. டாக்டரிடம் போதல்

போவதற்கு ஒரு மாதம் முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், இதயம், நீரிழிவு, முடிந்தால் ஈசிஜி. உடல்தகுதிச் சான்றிதழ் ஒன்று ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கோவையில் வையுங்கள்.

உயர நோய்க்கு அசெட்டசோலமைட் என்ற மாத்திரை இருக்கிறது. எனக்கு டாக்டர் எழுதியது 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து. விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். பார்மசியில் நீங்களாகவே கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஒரு தடவை இங்கேயே போட்டுப் பாருங்கள், பக்கவிளைவை மலையில் முதன்முதலாகச் சந்திக்க வேண்டாம்.

8. மானேபஞ்சாங்: அனுமதி, வழிகாட்டி

பாக்டோக்ராவிலிருந்து சிலிகுரி, சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் பங்கு ஜீப்பில் மூன்று மணித்தியாலம். டார்ஜிலிங் 2,000 மீற்றரைத் தாண்டிய ஊர். அங்கே இரண்டு இரவு, கட்டாயம். அப்புறம் மானேபஞ்சாங். அதுதான் மலையின் வாசல்.

அங்கே வழிகாட்டிகள் சங்கத்தில் ஒருவரை அமர்த்த வேண்டும், அவர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பூங்காச் சீட்டு எடுக்க வேண்டும். எல்லைப் படையினரின் சாவடிகளில் கடவுச்சீட்டைப் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, விசா இரண்டினதும் பிரதி ஐந்து ஐந்து, சின்னப் படம் நான்கு வைத்திருங்கள். மூலக் கடவுச்சீட்டை ஓடும்போதும் உடம்பிலேயே, தண்ணீர் புகாத உறையில்.

நம்மைப் பார்த்துத் தமிழ்நாடு என்று நினைத்து இந்தியர் சீட்டைக் கிழித்துத் தந்துவிடுவார்கள். விலை குறைவு என்று பேசாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள். மேலே சாவடியில் இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டும்போது அது பிரச்சினையாகும். கீழேயே சொல்லி வெளிநாட்டவர் சீட்டு எடுங்கள்.

இன்னொரு சிக்கல், வழிகாட்டிகள் நடப்பவர்களுக்குப் பழகியவர்கள். ஓடப் போகிறோம் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஓடக்கூடிய இளம் வழிகாட்டி ஒருவர், பையைக் கொண்டுவர ஒரு சுமைகாரர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களோடு வந்த தம்பி சாதாரண இறப்பர்ச் சப்பாத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் ஓடினான். என் சப்பாத்தின் விலையை அவனுக்குச் சொல்லவில்லை.

ஃபலுட்டில் கட்டில்கள் மிகக் குறைவு. வழிகாட்டியைக் கொண்டு மானேபஞ்சாங்கிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள்.

9. ஏறும் நாட்கள்

எங்கள் அட்டவணை இதுதான்: டார்ஜிலிங் இரண்டு இரவு, தும்லிங் இரண்டு இரவு, காலிபோக்ரி ஓர் இரவு, சந்தக்பூ இரண்டு இரவு, பிறகு ஓட்டம். 3,000 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை வைத்தியத்தின் பொது விதி. இந்த அட்டவணை அதற்குள் வருகிறது.

ஏறும் நாட்களில் ஓடாதீர்கள். நடவுங்கள். மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரை 31 கிலோமீற்றர் ஜீப் பாதையே இருப்பதால், பக்கத்தில் வண்டி போகும்போதெல்லாம் ஏறிவிடலாமே என்று மனம் சொல்லும். நான் அதைக் கேட்டுத்தான் வாளியோடு கிடந்தேன். தும்லிங்கில் ஓய்வு நாளன்று கொஞ்சம் மேலே நடந்துவிட்டுத் திரும்பிக் கீழே வந்து படுங்கள்.

தலையிடி வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், மேலே போக வேண்டாம். தலையிடியோடு சத்தியும் சேர்ந்து, ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்குங்கள். ஒருவர் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கத் தடுமாறினால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால், இரவென்றாலும் காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும். காலையும் இரவும் மச்சானை ஒரு பலகைக் கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தேன். “நான் என்ன குடிச்சிட்டா வந்திருக்கன்?” என்று ஏசினான், ஆனாலும் நடந்தான்.

தும்லிங் நேபாளப் பக்கத்தில் இருக்கிறது. பாதை எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் போகும். பழகிய பாதையில் வழிகாட்டியோடு போவதில் சிக்கல் இல்லை, நீங்களாக நேபாள ஊர்களுக்குள் இறங்கிவிடாதீர்கள். போன் திடீரென்று நேபாளக் கோபுரத்தைப் பிடித்தால் மணி 15 நிமிடம் முன்னுக்குத் தாவும், ரோமிங் கட்டணமும் ஏறும். தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, டேட்டாவை மூடிவிடுங்கள்.

10. ஓடும் நாள்

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணிதான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டால் இருட்டில் நிற்பீர்கள். காலை ஆறரைக்கு வெளிக்கிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு நேபாளப் பக்கமிருந்து முகில் ஏறி வரும். வந்தால் பத்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வழிகாட்டியை விட்டு முன்னால் ஓடாதீர்கள்.

தண்ணீர் இரண்டு லீற்றர் முதுகில் வேண்டும். சந்தக்பூவுக்கும் 14 கிலோமீற்றரில் வரும் சபர்கிராமுக்கும் இடையில் கடையும் இல்லை, நம்பக்கூடிய ஊற்றும் இல்லை. உறிஞ்சு குழாய் உள்ள பை என்றால் காலைக் குளிரில் குழாய் உறையும். உறிஞ்சிய பிறகு ஊதிக் காலியாக்கிவிடுங்கள். சாப்பிட நான் கொண்டு போனது மட்டக்களப்பு முந்திரி, காத்தான்குடிப் பேரீச்சம்பழம், உப்புப் பிஸ்கட். குளிரில் பேரீச்சம்பழம் கல்லாகும், சட்டைக்குள் வையுங்கள். போனையும் அப்படித்தான், குளிரில் பற்றரி அரை மணித்தியாலத்தில் படுத்துவிடும்.

பாதை பாறையும் புல்லும் கருகிய மரங்களும் மூங்கில் புதரும். நீண்ட இறக்கம், பிறகு ஏற்றம், மறுபடி இறக்கம். ஏற்றங்களில் நடவுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூக்கால் மூச்சு விட முடிகிற வேகம்தான் ஓடும் வேகம். வாயைத் திறக்க வேண்டி வந்தால் நடக்கத் தொடங்க வேண்டும். மயிர் தொங்கும் யாக் மாடுகள் வழியில் நிற்கும். அவற்றுக்கும் குன்றின் விளிம்புக்கும் நடுவில் போகாதீர்கள், மேட்டுப் பக்கமாகச் சுற்றுங்கள்.

கல்லடியில் 21 கிலோமீற்றரை நான் இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் ஓடுவேன். அங்கே நான்கு மணி நாற்பது நிமிடம். மச்சான் பதினாறாவது கிலோமீற்றரில் ஒரு கல்லில் உட்கார்ந்து “இனி ஏலா மச்சான், நீ போ” என்றான். தலையிடி இல்லை, கோட்டில் ஒழுங்காக நடந்தான், வெறும் களைப்புத்தான். பேரீச்சம்பழம் நாலு கொடுத்துக் கால் மணித்தியாலம் இருந்தோம். கடைசி ஐந்து கிலோமீற்றர் மூன்று பேரும் நடந்தும் ஓடியும்தான் போய்ச் சேர்ந்தோம்.

11. இறங்குதல்

அடுத்த நாள் ஃபலுட்டிலிருந்து கோர்க்கே கிராமம் வரை 15 கிலோமீற்றர், ஆயிரம் மீற்றருக்கு மேல் இறக்கம், முழுக்கக் காடு. காற்று மறுபடி நெஞ்சுக்குள் வரும்போது ஓடத்தான் தோன்றும். முதல் நாள் ஓடிய தொடையோடு வேர்களுக்கு நடுவில் ஓடினால் விழுவீர்கள். நான் இரண்டு தடவை விழுந்தேன். பெருவிரல் நகங்களை வெளிக்கிடுவதற்கு மூன்று நாள் முன்பே ஒட்ட வெட்டியிருந்தால் இந்த இறக்கத்தில் கறுக்காமல் தப்பும்.

கோர்க்கேயில் ஓர் இரவு, அடுத்த நாள் ராம்மாம் வழியாக ஸ்ரீகோலா. அங்கிருந்து ஜீப் விடியற்காலையில் கிளம்பிவிடும். முதல் நாள் பின்னேரமே இடம் பிடித்து, முன்பணம் கொடுத்து, சாரதியின் பெயரையும் வண்டி இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் விடுதிக்காரர் சொல்லிவிட்டார் என்று நம்பி ஆறு மணிக்குப் போய் நின்றோம். வண்டி ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டது. தனி வண்டி பிடிக்க 4,500 இந்திய ரூபா.